முட்டி மாற்றியாச்சு, தொந்தரவு மட்டும் போகலையா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக்கு அந்த மாதம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசமாச்சே, இன்னுமா கம்பு?" ஆத்தா எல்லாருக்கும் சிரித்த முகமாய்ப் பதில் சொல்வார். அவர்கள் முகப்பைத் தாண்டியதும் என்னிடம் கேட்பார்: "ஏப்பா, எனக்கு மட்டுந்தான் இப்படியா?"

அவருக்கு மட்டும் இல்லை. முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாதங்கள் கழித்தும் வலியோ இறுக்கமோ மிஞ்சுகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சொன்னாலும் அன்றைக்கு இருக்கும் வலியில் அது நம் காதில் ஏறுவதில்லை.

நான் மருத்துவன் இல்லை. ஒன்றரை வருடம் கூடவே இருந்து, சில தப்புகள் செய்து, பிசியோதெரபிஸ்டிடமும் டாக்டரிடமும் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன். வீட்டில் யாருக்காவது முட்டி ஆபரேஷன் முடிந்து, "இது இப்படித்தான் இருக்குமா, இல்லை ஏதாவது கோளாறா?" என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொன்னது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வலி இருக்கிறதா இல்லையா என்று தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். போன மாதத்தைவிடக் குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் நாம் ஏதோ வேலை பாக்கி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். குறைந்துகொண்டிருந்தது திரும்ப ஏறினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

கணக்கு எழுதுவது எங்கள் ஊருக்கு ஒன்றும் புதிது இல்லையே. நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் ஒரு வரி, ராத்திரி ஒரு வரி. வலி பத்துக்கு எத்தனை, தூக்கம் எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, எவ்வளவு நடந்தார், சர்க்கரை உள்ளவர் என்றால் அன்றைய அளவு. ஆத்தா தன் கையாலேயே எழுதுவார். ஒரு நாள் "வலி 4, ராத்திரி 6, பணியாரம் 2" என்று இருந்தது. அந்த மூன்றாவது எண்ணை நான் கேட்கவில்லை, அவரே நேர்மையாக எழுதிவிட்டார்.

இதோடு வாரம் ஒரு நாள் மூன்று அளவுகள் எடுங்கள். தையல்காரர் டேப்பை முட்டிச் சில்லின் நடுவில் சுற்றி, இரண்டு காலையும் காலையில் ஒரே நேரத்தில் அளந்தால் வீக்கம் தெரியும். அடுத்தது நீட்டம். கட்டிலில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, முட்டிக்குப் பின்னால் படுக்கைக்கும் காலுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். மெத்தை குழிந்தால் அளவு தப்பும், பலகையோ கெட்டியான பாயோ நல்லது.

மூன்றாவது, மடக்கம். இதற்கு எங்கள் வீட்டுத் தரையில் பதித்திருக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லே அளவுகோல் ஆனது. உயரமான நாற்காலியைப் போட்டு, அதன் நான்கு காலும் இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டோம். பாதத்துக்கு அடியில் ஒரு துணி. பாதத்தை மெதுவாக நாற்காலிக்குக் கீழே பின்னோக்கி இழுக்க வேண்டும். குதிகால் கல்லில் இருக்கும் பூவின் எந்த இதழ்வரை போகிறது என்று குறித்துக்கொள்வோம். முதல் வாரம் நடு வட்டத்தைத் தொடவில்லை. ஐந்தாவது வாரம் அடுத்த கல்லின் கோட்டைத் தாண்டியது. இடுப்பைத் தூக்கினால் கணக்கில் சேராது. ஆத்தா தூக்குவார். நான் பின்னால் நின்று பார்ப்பேன்.

டாக்டர் முன்னால் போய் "வலிக்குது டாக்டர்" என்பதற்கும், "மூணு வாரமா மடக்கம் ஒரே இடத்தில் நிக்குது, ராத்திரி வலி நாலிலிருந்து ஆறு ஆயிருக்கு" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போது தெரியும்.

எதையெல்லாம் கண்டு பயப்பட வேண்டாம்

வீக்கம் மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை வந்து வந்து போகும். காலையில் குறைந்தும் சாயங்காலம் கூடியும் இருக்கும். முட்டியைத் தொட்டால் மற்ற காலைவிடச் சூடாக இருப்பது பல மாதம் நீடிக்கலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட. சூடு மட்டும் இருந்து, சிவப்பும் காய்ச்சலும் கூடும் வலியும் இல்லையென்றால் அது ஆறுகிற சூடு.

தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போன இடம் ஒன்று இருக்கும். தோலை வெட்டும்போது சின்னச் சின்ன நரம்புக் கிளைகள் அறுபடுவதால் வருவது. நாளாக நாளாக அந்த இடம் சுருங்கும், ஆனால் கொஞ்சம் கடைசிவரை மிஞ்சலாம். நடைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அந்த இடத்தில் வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள். சுடுவது தெரியாமல் தோல் கொப்பளித்துவிடும்.

"டக் டக்" என்று சத்தம் கேட்கிறது என்று ஆத்தா ரொம்ப நாள் பயந்தார். உள்ளே இருப்பது உலோகமும் அதன் நடுவே கெட்டியான பிளாஸ்டிக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளும்போது சத்தம் வரத்தான் செய்யும். சத்தத்தோடு வலியும், முட்டி நழுவுவது போன்ற உணர்வும் சேர்ந்து வந்தால் காட்டுங்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் தூக்கம் கெடுவதும் வழக்கம்தான்.

எப்போது காத்திருக்கவே கூடாது

கெண்டைக்கால் கல் போல இறுகி வீங்கி வலித்தால், காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். திடீரென்று மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, இருமலில் ரத்தம் வருகிறது என்றால் 108-க்குப் போன் போடுங்கள். உறைந்த அந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். முதல் மூன்று மாதம் இந்த ஆபத்து அதிகம். கீழே விழுந்து கால் ஊன்ற முடியவில்லை என்றாலும், காலைத் தானாக நீட்டித் தூக்க முடியவில்லை என்றாலும் வீட்டில் எண்ணெய் தடவிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

அடுத்தது தொற்று. நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான் வரும், ஆனால் வந்தால் லேசில் விடாது. தையல் போட்ட இடத்தில் நீர் அல்லது சீழ் கசிவது, பரவுகிற சிவப்பு, காய்ச்சல், குளிர், நன்றாக இருந்த முட்டியில் புதிதாக வந்து ஏறிக்கொண்டே போகும் வலி, படுத்திருந்தாலும் விடாத வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தகவல் போக வேண்டும். ஆபரேஷன் முடிந்து சில வருடம் ஆனவருக்குக்கூட இது வரலாம். பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண் இவற்றிலிருந்து கிருமி ரத்தம் வழியே உள்ளே இருக்கும் உலோகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். ஏழாவது வாரம் தழும்பின் கீழ் முனையில் சிவந்து, ஒரு சொட்டு நீர் வந்தது. மதுரைக்குப் போக இரண்டு மணி நேரம், மறுநாள் வீட்டில் விசேஷம். பக்கத்து மருந்துக்கடையில் காட்டினோம், ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சிவப்பும் மறைந்தது. அப்பாடா என்று இருந்தோம். பத்தாம் நாள் திரும்ப வந்தது. டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை எதுவும் போட்டீங்களா?"

மூட்டுக்குள் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால் கிருமி இருந்தாலும் சோதனையில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். அதனால் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துத்தான் நீர் எடுத்தார்கள். அந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அது தோலுக்கு அடியில் கரையாமல் கிடந்த தையல் நூலால் வந்த புண்தான், உள்ளே ஒன்றும் இல்லை. எங்கள் நல்ல நேரம். நிஜமான தொற்றாக இருந்திருந்தால், சீக்கிரம் திறந்து கழுவிப் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றிக் காப்பாற்றும் வாய்ப்பையே அந்த ஐந்து நாள் மாத்திரை கெடுத்திருக்கும். நாள் கடந்தால் மொத்த மூட்டையும் எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்டை வைத்துச் சில வாரமோ மாதமோ காத்திருந்து, திரும்ப வேறு மூட்டு வைக்க வேண்டிவரும்.

ஆகவே, சிவந்தால் முதலில் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள். மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்.

இறுக்கம்: அதிகம் பேரைப் படுத்துவது இதுதான்

மடக்க முடியவில்லை என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நீட்ட முடியாததுதான் பெரிய தொந்தரவு என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. கால் முழுசாக நீளாவிட்டால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். அது களைத்து, முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கும், அப்புறம் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும்.

ஆத்தாவுக்குக் கால் நீளாமல் போனதற்குக் காரணம் எங்கள் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணை. ஆத்தாவுக்கு முட்டிக்கு அடியில் அதை வைத்தால் சுகமாக இருந்தது. நானும் பாசத்தோடு தினமும் தட்டி வைத்தேன். ஒரு மாதம் அப்படியே தூங்கியதில் முட்டி கொஞ்சம் மடங்கின நிலையிலேயே உறைந்துபோனது. காரைக்குடியிலிருந்து வந்த பிசியோ தம்பி பின்பக்கம் கை விட்டுப் பார்த்துவிட்டு, தலையணையைத் தூக்கித் திண்ணையில் எறிந்தார். எறிந்தது எனக்குக் கோபம்தான். ஆனால் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.

அவர் கற்றுக்கொடுத்தது இது. ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் மட்டும் வையுங்கள். முட்டிக்குக் கீழே காற்று இருக்க வேண்டும். அப்படியே ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள், கால் தன் எடையிலேயே இறங்கும். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. அடுத்து, அதே நிலையில் தொடையை இறுக்கி முட்டியின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணி விட வேண்டும். பத்துத் தடவை. மடக்கத்துக்கு, படுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுப்பது, நாற்காலியில் உட்கார்ந்து முன்சொன்னபடி பாதத்தைப் பின்னால் இழுப்பது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைத் தொடையில் கொஞ்சம் பலம் வந்த பிறகு சேர்த்தோம். மூன்று விரல் ஒரு விரல் ஆக ஒன்பது வாரம் ஆனது.

உடற்பயிற்சி செய்யும்போது வலிக்கத்தான் செய்யும். எவ்வளவு வலி சரி என்று கேட்டேன். "செஞ்சு முடிச்சு அரை மணி நேரத்தில் அடங்கினா சரி. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தா நேத்து அதிகம், பாதியாக் குறைங்க" என்றார் தம்பி. இந்த ஒரு வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் எல்லாம் செய்து, மூன்று நாள் படுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆத்தாவும் அந்தக் கட்சி.

எவ்வளவு மடங்கினால் போதும்? சமதரையில் நடக்க ஏறக்குறைய 70 டிகிரி, படி ஏறி இறங்க 90 முதல் 100, தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 105 வரை. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகியும் 90 டிகிரியைத் தொடவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். மயக்க மருந்து கொடுத்து மெதுவாக மடக்கி, உள்ளே ஒட்டியதைப் பிரித்துவிடும் முறை ஒன்று உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் அதில் பலன் அதிகம். நாள் போனால் தழும்பு கெட்டியாகிவிடும்.

அதையே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரிடம் போய், எண்ணெய் தேய்த்து மடக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள், நல்ல எண்ணத்தில்தான். புது மூட்டுக்கு மேலே எலும்பு முறிவதும், முட்டிச் சில்லைப் பிடித்திருக்கும் நாண் அறுவதும் அப்படி முரட்டுத்தனமாக மடக்கினால் நடக்கும். வேண்டவே வேண்டாம்.

பிசியோவுக்குத் தினமும் பணம் கட்ட முடியாதவர்கள், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை விசாரியுங்கள். 2021-இல் தொடங்கியது. வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவைத்தால் போதும்.

காரணம் தெரியாத வலி

ஆறு மாதம், ஒரு வருடம் ஆகியும் வலி நிற்கவில்லை என்றால், வலி எப்போது எப்படி வருகிறது என்று கவனியுங்கள். காரணத்தின் பாதி அதிலேயே இருக்கும்.

உட்கார்ந்து எழுந்ததும் முதல் நாலைந்து அடி சுருக்கென்று குத்தி, நடந்தால் குறைகிறதா? மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயைப் பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட வேண்டும், அதனால் ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த படத்தைத் தொலைக்காதீர்கள். இறங்கும்போது முட்டி பக்கவாட்டில் ஆடுகிறதா? தசைநார் தளர்வோ தொடைப் பலவீனமோ இருக்கலாம். படி இறங்கும்போது மட்டும் முன்பக்கம் வலிக்கிறதா? சில்லுப் பகுதியைப் பார்ப்பார்கள். ராத்திரி படுத்திருந்தும் வலிக்கிறதா? தொற்று இல்லை என்று ரத்தச் சோதனையில் முதலில் உறுதி செய்வார்கள். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரண்டும் அதற்குத்தான்.

முட்டியில் வலி, நோய் வேறிடத்தில் என்பதும் உண்டு. இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி முட்டியில் தெரியும். முதுகெலும்பில் நரம்பு நசுங்கினாலும் அப்படியே. முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உள்ளே உலோகம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இப்போதைய முட்டி மூட்டுகளோடு பெரும்பாலும் எடுக்கலாம். ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வகை வலி இருக்கிறது. எரிச்சல், மின்சாரம் அடித்த மாதிரி, வேட்டியோ சேலையோ உரசினாலே தாங்காது, தோல் நிறம் மாறுகிறது, வேர்க்கிறது. நரம்பு சம்பந்தப்பட்ட இந்த வலியைச் சாதாரண வலி மாத்திரை தொடாது. வலி சிகிச்சை நிபுணர் என்று தனியாக இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்க வேண்டும். இதற்குத் தரும் மாத்திரைகளில் சில வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் தூக்கமும் கொடுக்கும். ராத்திரி பாத்ரூம் போக எழும்போது கூட ஆள் இருக்கட்டும்.

இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை. முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நமக்கு அதிகம். ஆனால் "என்ன காரணம்னு தெரியலை, மூட்டை மாத்திப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். காரணம் கண்டுபிடிக்காமல் செய்யும் மறு ஆபரேஷன் பெரும்பாலும் வலியைத் தீர்ப்பதில்லை.

மாத்திரையும் எண்ணெயும்

வலி மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அசெக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமாலும் சேர்ந்தே வரும் மாத்திரைகள் நிறைய. அது தெரியாமல் தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால் அளவு இரட்டிப்பாகும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதில் எது இருந்தாலும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்குப் போடக்கூடாது. பேர் இல்லாத பொட்டல மருந்து சாப்பிட்டதும் ஒரே நாளில் வலி போனால் சந்தோஷப்படாதீர்கள், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது சர்க்கரையை ஏற்றி, தொற்றுக்கு வழி விடும்.

ஐஸ் வைப்பதென்றால் துணியில் சுற்றி 15 நிமிடம், 20-ஐத் தாண்ட வேண்டாம். கால் தூக்கி வைப்பதென்றால் நெஞ்சைவிட உயரமாக, தலையணை கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் வரை. முட்டிக்கு அடியில் வேண்டாம் என்பதை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். தழும்பு முழுசாக ஆறிய பிறகு, டாக்டர் சரி என்றால், தேங்காயெண்ணெய் தொட்டு விரல் நுனியால் தழும்பை மெதுவாக வட்டமாகத் தேய்க்கலாம். தோல் உள்ளே ஒட்டாமல் இருக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று. பார்க்க வருகிறவர்கள் கந்தரப்பமும் மனகோலமும் கொண்டு வருவார்கள். மறுக்கவும் முடியாது. வாங்கி வைத்து வேலை செய்கிறவர்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு முட்டை, பருப்பு, மீன் கூடட்டும். தசை வளர அதுதான் வேண்டும்.

நம் ஊர் வீட்டில் நடமாடுவது

செட்டிநாட்டு வீடுகள் கல்யாணத்துக்குக் கட்டியவை, கம்பு ஊன்றுகிறவருக்குக் கட்டியவை இல்லை. முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படி. கழிப்பறை கடைசியில். எங்கள் வீட்டில் ஆத்தாவின் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு நான்கு நிலைகளைத் தாண்ட வேண்டும். ராத்திரி மூன்று தடவை போவார் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிலை இரண்டாம் கட்டுக்கு மாற்றினோம், வழியெல்லாம் சின்ன விளக்குப் போட்டோம், நிலைப்படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம். பர்மாத் தேக்கு நிலைக்குப் பெயின்டா என்று பெரியப்பா முகம் சுளித்தார். அடித்தது கல்லில்தான், தேக்கில் இல்லை.

ஆத்தங்குடிக் கல் அழகுதான், ஆனால் ஈரம் பட்டால் வழுக்கும். பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கத்தை ஒரு வருடம் விட்டுவிடுங்கள். வளவு முற்றத்தில் மழைத் தண்ணீர் தெறிக்கும் இடத்தைச் சுற்றிப் போக வேண்டும். மிதியடி, சாக்கு இவை எல்லாம் சுருட்டி மேலே போகட்டும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கம்பு நல்ல கால் பக்கத்துக் கையில். இரண்டு காலிலும் ஆபரேஷன் ஆனவர்கள் பலம் உள்ள காலை நல்ல காலாக வைத்துக்கொள்ளலாம்.

மேல்நாட்டுக் கழிப்பறை கட்டாயம் வேண்டும். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி போடுங்கள், கொத்தனார் திருகை வெறும் பூச்சில் இறக்காமல் செங்கல்வரை இறக்கினாரா என்று தொங்கிப் பாருங்கள்.

தரையில் உட்காருவது, சம்மணம், குந்துவது மூன்றையும் பெரும்பாலான டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நம் ஊரில் இதுதான் மனதுக்குக் கஷ்டமான இடம். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டில் எல்லாரும் கீழே இலை போட்டு உட்கார்ந்திருக்க, தான் மட்டும் நாற்காலியிலா என்று ஆத்தா முதல் வருடம் போகவே இல்லை. அடுத்த வருடம் நாற்காலியும் சின்ன மேசையும் நாங்களே முன்கூட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம். அப்புறம் பார்த்தால் இன்னும் மூன்று ஆச்சிமார் அந்த மேசைக்கே வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் முட்டி வலி, யாரும் வாய் திறக்கவில்லை.

பிள்ளையார்பட்டியில் தோப்புக்கரணம் வேண்டாம், காதைப் பிடித்துக்கொண்டு லேசாகத் தலை குனிந்தால் போதும், பிள்ளையார் கணக்கு வைப்பவர் இல்லை. குன்றக்குடிப் படிகள் நன்றாகத் தேறியபின் கைப்பிடியோடு ஏறலாம், டாக்டர் சரி என்றால். பழனிப் பாதயாத்திரையைப் பற்றி ஆத்தா கேட்டார். முதல் வருடம் காவடிகள் ஊரைத் தாண்டும்போது வழியனுப்பிவிட்டு வந்தார். வெறும் காலில் சூடான கல்லில் நடப்பதில் இன்னொரு ஆபத்து, சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொப்பளம் தெரியாது. பித்தவெடிப்பும் நகச்சுற்றும்கூடக் கிருமி நுழையும் வாசல்தான். ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும் யாராவது விளக்கு வைத்துப் பார்க்கட்டும்.

மதுரைக்கோ திருச்சிக்கோ காரில் போனால் மடக்கிய காலோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாது. நாங்கள் திருப்பத்தூரில் ஒரு தடவை, மேலூரில் ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிடம் நடப்போம். ஆத்தா மேலூரில் டீக்காக இறங்குவதாகச் சொல்லிக்கொள்வார்.

காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் மூட்டின் கம்பெனி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஏதாவது ஒரு பகுதியை மட்டும் மாற்ற வேண்டிவந்தால், உள்ளே இருப்பது எது என்று வேறு டாக்டருக்குத் தெரிய அதுதான் நம்பகமான வழி. அதைப் போட்டோ எடுத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அனுப்பிவைத்தோம், ஒருவர் போன் தொலைந்தாலும் இன்னொருவரிடம் இருக்கும். சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் கத்தும். முட்டியில் உலோகம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கைக் கருவியால் சோதித்து அனுப்பிவிடுவார்கள்.

பல் டாக்டரிடம் போகும்போது மூட்டு மாற்றியதைச் சொல்லுங்கள். எல்லாருக்கும் முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது, சர்க்கரையும் எதிர்ப்புச் சக்திக் குறைவும் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் பேசி முடிவு செய்வார்கள். அவசரம் இல்லாத பல் வேலையை முதல் மூன்று மாதம் கழியும்வரை தள்ளிப்போடுங்கள். ஆனால் பல்லில் சீழ் என்றால் தள்ளிப்போடக் கூடாது.

பார்க்க வருகிறவர்கள்

"எங்க மாமியாரு மூணாவது மாசமே குத்தாலம் போயிட்டு வந்தாக" என்று சொல்பவர்கள் வருவார்கள். ஆத்தா அன்று ராத்திரி வலி 7 என்று எழுதுவார். வலியில் மனசுக்கும் பங்கு இருக்கிறது. தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். ஒரு மாதத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம் என்று இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

மற்றபடி, வருகிறவர்கள் முகப்பில் உட்காரும் நேரத்தை ஆத்தாவின் குதிகால் பயிற்சி நேரமாக மாற்றிவிட்டோம். பேச்சு ஓடும், துண்டுச் சுருளில் குதிகால் இருக்கும், முட்டி தானாக இறங்கும். நேற்றுப் பார்த்தேன், பின்பக்கம் சுண்டுவிரல்கூட முழுசாக நுழையவில்லை. நோட்டில் எழுதச் சொன்னேன். "நீயே எழுது, எனக்குச் சமையலறையில் வேலை கிடக்கு" என்று கம்பை நாற்காலியில் சாத்திவிட்டுப் போய்விட்டார்.